மருத்துவ அங்கியில் தைத்த வெளிநாட்டுப் பெயர்

உள்நாட்டில் செய்த மருத்துவப் பொருளுக்கே அரசுக் கொள்முதலில் முன்னுரிமை என்ற விதியைக் கல்லூரி மேடைகளில் பலமுறை ஆதரித்துப் பேசியிருக்கிறேன். அதே விதியைக் காட்டி எங்கள் அங்கியைத் தள்ளிவைத்த அன்றும் நான் கட்சி மாறவில்லை.

சங்கராபுரத்தில் ஒரு வாடகைக் கூடத்தில் என் அம்மாவும் ஐந்து பெண்களும் நைட்டி தைத்து வந்தார்கள். கல்வராயன் மலைச் சுகாதார நிலையங்களுக்குப் பாதுகாப்பு அங்கிகள் தேவை என்ற அறிவிப்பைக் கண்டு, மாதிரிக்கு மூன்று தைத்தார்கள். ஆணை கிடைத்தால் ஆறு மெஷினும் ஓடும். இல்லையென்றால் கூடத்தைக் காலி செய்ய வேண்டியதுதான்.

அம்மாவும் கூடத்தில் தைக்கும் அக்கா ஒருவரும் நானும் மாதிரிகளைக் கொண்டுபோனோம். கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் கொள்முதல் அதிகாரி அங்கியின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது? உள்ளூர்ல தெச்சதுன்னு எழுதிக் குடுத்துட்டு, வெளிநாட்டு லேபிள் வெச்சிருக்கீங்க?"

"வாரச்சந்தையில அந்த மாதிரி பேரு இருந்தாத்தான் சார் நைட்டி போவுது," என்றார் அம்மா. "கைப்பழக்கத்துல இதுலயும் வெச்சித் தெச்சிட்டோம்."

"டாக்டருங்க இத்த போட்டுக்கினு சந்தைக்கா போவப் போறாங்க?"

பக்கத்து மேசையில் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எழுந்து, "இந்த விதியின் நோக்கம் யாதெனில்" என்று தொடங்கினேன்.

"நோக்கத்த நானும் படிச்சிருக்கேன் பாப்பா. லேபிள் தப்புன்னு எழுத்துல குடுங்க, நீங்க தெக்கறத நேர்ல வந்து பாக்கறேன். இல்லன்னா தள்ளுபடிதான்."

படிக்கட்டில் எங்களுடன் வந்த அக்கா முரண்டு பிடித்தார். "பொய்ப் பேரு போட்டோம்னு நம்மளே எழுதிக் குடுத்தா, நாளிக்கி எவன் வேலை குடுப்பான்?"

அம்மா என்னிடம் பேனாவை நீட்டினார். "எழுதுடி. தெச்சது நாமதான்னு சொல்லணும்னா, லேபிள் வெச்சதும் நாமதான்னு சொல்லித்தான் ஆவணும்."

அலங்காரமின்றி மூன்று வரிகள் எழுதினேன். அதற்குமுன் நான் தவற்றை ஒப்புக்கொண்டு எதையும் எழுதியதில்லை.

அடுத்த வாரம் அதிகாரி கூடத்துக்கு வந்தார். துணிச்சுருளை வெட்டுவது முதல் நாடா வைப்பது வரை நின்றே பார்த்தார். தையலை இரு கையாலும் இழுத்தார். துணியில் தண்ணீர் ஊற்றினார். சொட்டுக்கூட இறங்கவில்லை. ஆணை எங்களுக்கு வந்தது. இதைச் சலுகை என்பவர்களை அந்தத் தையலை இழுத்துப் பார்க்க அழைக்கிறேன்.

மீந்த லேபிள் கட்டுகளை அந்த அக்கா நைட்டிகளின் பக்கம் நகர்த்தினார். அம்மா தடுத்தார்.

"இனிமே அதுக்கும் வேணாம்."

"அப்பறம் சந்தையில எவ வாங்குவா?"

"வாங்காட்டி போறா. சங்கராபுரம்னு போட்டுத் தை."