ஒரே கீபோர்டில் வளர்ந்தவள்

அம்மா இரண்டாவது தடவையும் டிரைவிங் டெஸ்டில் தோற்றுவிட்டு வந்த அன்று, மாமா தன் ரொட்டி வண்டியில் சாய்ந்துகொண்டு, பிரேக் எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோச்சா என்று கேட்டார். மாமா அம்மாவுக்குத் தம்பி. கேட்கக்கூடாததைக் கேட்கக்கூடாத நேரத்தில் கேட்பதற்கென்றே பிறந்தவர். அம்மா ஒரு செருப்பை வாசலின் இந்தப் பக்கமும் இன்னொன்றை அந்தப் பக்கமுமாகக் கழற்றி எறிந்தாள். எங்கள் வீட்டு வானிலை அறிக்கை அந்தச் செருப்புதான். புயல் என்று தெரிந்ததும் மாமா மிச்ச ரொட்டியைக் கடைகளுக்குப் போடக் கிளம்பிவிட்டார்.

முதல் தடவை, கோட்டில் நிறுத்தச் சொன்ன இடத்தில் கோட்டைத் தாண்டிப்போய் ஆரஞ்சுக் கூம்பைச் சாய்த்தாள். இரண்டாவது தடவை கூம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி பயந்துபோய் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். மூன்றாவது வாய்ப்பு வெள்ளிக்கிழமை. அதையும் விட்டால் அடுத்த வருஷம்தான் திரும்ப எழுதிக் கொடுக்க முடியும்.

அடுத்த வருஷம் வரை காத்திருக்க, அம்மா வேலை கேட்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு என்ன தலையெழுத்து? சின்னப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். வேன் ஓட்ட ஒரு பெண்தான் வேண்டும் என்று தலைமை ஆசிரியை தேடிக்கொண்டிருந்தார். அம்மாவின் பேச்சு அவருக்குப் பிடித்துப்போனது. ஆனால் லைசென்ஸ் கையில் இருக்கிற இன்னொரு பெண்ணும் கேட்டிருந்தாள். சனிக்கிழமை வரை பார்க்கிறேன், அதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டார்.

அதற்கு முன்பு அம்மா அட்டைப்பெட்டி ஒட்டும் தொழிற்சாலையில் இருந்தாள். மணி அடித்தால் ஒட்ட வேண்டும், மணி அடித்தால் சாப்பிட வேண்டும், மணி அடித்தால் கைகழுவப் போக வேண்டும். அந்தத் தொழிற்சாலையை மூடிய அன்று எல்லோரும் அழுதார்கள். அம்மா மட்டும் ஒட்டு டேப்பைக் கடித்து அறுக்கும் பழைய கெட்ட பழக்கத்தோடு வீட்டுக்கு வந்து, பருப்பு டப்பாவின் மூடியைக்கூடப் பல்லால் திறந்துகொண்டு திரிந்தாள். வேன் வேலையை ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறாய் என்று நான் ஒருநாள் கேட்டேன். சாதாரண நேரமாக இருந்திருந்தால், உன் வேலையைப் பாரு என்றிருப்பாள்.

"வண்டிய எப்ப எடுக்கணும், எங்க நிறுத்தணும்னு நான்தானே முடிவு பண்ணுவேன்," என்றாள். "ஒரு தடவையாச்சும்."

அதற்குப் பிறகு நான் அவளைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். முழுதாக நிறுத்தவில்லை. உடம்புக்கு ஆகாது.

புரியாத விஷயம் ஒன்று இருந்தது. மாமா பக்கத்தில் இருந்தால் அம்மா அற்புதமாக ஓட்டுவாள். மூடிக்கிடந்த அதே தொழிற்சாலையின் லாரி முற்றத்தில்தான் பயிற்சி. காவல்காரருக்கு அம்மாவைப் பழக்கம் என்பதால் கேட்டைத் திறந்து விடுவார். மதியம் ரொட்டியெல்லாம் இறங்கியதும் மாமா காலி வண்டியைக் கொண்டுவருவார். நான் பள்ளிக்கூடம் போகிற நாளும் போகாத நாளும் ஏறக்குறைய சமமாக இருந்த வருஷம் அது, ஆகவே பின்னால் ரொட்டித் தட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். அம்மா சுவரை நோக்கி விடுவாள், ஒரு விரல் இடைவெளியில் நிறுத்துவாள். மாமா சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வார். அதே கை, அதே கால், அதிகாரி ஏறி உட்கார்ந்ததும் எங்கே போய்த் தொலைகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

அது எனக்குத் தெரியவந்தது ஒரு விளையாட்டால்.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் சின்ன வயதில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. தாத்தா வேலைபார்த்த அலுவலகத்தில் கழித்துப்போட்டதை மூட்டைபோலக் கட்டிக்கொண்டு வந்தாராம். டிவி பெட்டி மாதிரி முதுகு துருத்திய மானிட்டர். கையைக் கிட்டே கொண்டுபோனால் ரோமமெல்லாம் எழுந்து நிற்குமாம். ஃப்ளாப்பியை ஊதி ஊதிப் போட்டால் ஒரு நேரம் படிக்கும், ஒரு நேரம் கர்ரென்று கோபித்துக்கொள்ளும். விளையாட்டுகளின் ஆங்கிலப் பெயர் வாயில் நுழையாததால் இவர்களே பெயர் வைத்தார்கள்: 'செங்கல்', 'எலி', 'ரோடு'. இதில் 'ரோடு'தான் உயிர். சிவப்புக் கார் போய்க்கொண்டே இருக்கும், எதிரே மரக்கட்டையும் பள்ளமும் வரும், சரியான நேரத்தில் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கார் நின்று பிழைக்கும். மழைநாள் வந்தால் போதும், இருவரும் அதைப் பற்றியே பேசுவார்கள். நாங்கள் ஆடினோம் பார், அதுதான் ஆட்டம், நீங்கள் போனில் தடவுவதெல்லாம் ஒரு ஆட்டமா என்று எனக்கு ஒரு குட்டும் விழும்.

அந்த வாயை அடைக்கத்தான், போன் ரிப்பேர் கடை அண்ணனிடம் கெஞ்சி, அந்தக் காலத்து விளையாட்டுகள் போட்டிருந்த ஒரு லேப்டாப்பை ஒரு பிற்பகலுக்கு வாங்கி வந்தேன். தோற்று வழிவதைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று திட்டம்.

'ரோடு' வந்ததும் மாமா நாற்காலியில் நடுவே உட்கார்ந்தார். அம்மா எதுவும் கேட்காமல் அதே நாற்காலியின் ஓரத்தில் பாதி உட்கார்ந்தாள். வீட்டில் வேறு நாற்காலி இல்லாமலில்லை. மாமாவின் கை அம்புக்குறி பட்டன்களுக்குப் போனது, அம்மாவின் கட்டைவிரல் ஸ்பேஸ் பாருக்குப் போனது. அவர்களுடைய சின்ன வயதில் வீட்டில் ஒரே நாற்காலி, ஒரே கீபோர்டு. சண்டை தாங்காமல் தாத்தா தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்: அழுகிறவனுக்கு அம்புக்குறி, பொறுமைசாலிக்கு ஸ்பேஸ் பார். உலகம் முழுக்க இதே தீர்ப்புதான் போல.

அவர்கள் தோற்கவில்லை. ஒவ்வொரு ரவுண்டாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். எரிச்சலோடு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அம்மா திரையைப் பார்க்கவே இல்லை. பார்க்க வழியும் இல்லை. நடுவே மாமாவின் தலை. அந்தத் தலை சின்ன வயதிலேயே ஊருக்குப் பொதுவான சைஸில் இருந்திருக்கிறது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் மாமாவின் மூக்கிலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். விரல் இறங்கும். கார் நிற்கும்.

எழுந்துபோய் ஒரு பன்னை எடுத்து வந்து, மாமா கண்ணெடுக்காமல் ஆடும்போதே அவர் வாயில் முழுதாகத் திணித்தேன். அடுத்த கட்டையில் கார் மோதி நொறுங்கியது. அம்மாவின் விரல் ஸ்பேஸ் பாருக்கு மேலே அப்படியே நின்றது. "என்னடா ஆச்சு?" என்று தம்பியைக் கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் வண்டியில் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். சுவருக்கு முன்னால் "ம்". திருப்பத்துக்கு முன்னால் "ம்". சொல்கிறவருக்கும் தெரியவில்லை, கேட்கிறவளுக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு பிரேக் காலில் இல்லை, காதில் இருந்தது. டெஸ்டில் மாமாவை வெளியே நிறுத்திவிடுகிறார்கள். பிரேக்கும் அவரோடு இறங்கிப் போய்விடுகிறது.

சொன்னேன். அம்மா நம்பவில்லை. கண் இருக்கிறது, பார்த்துத்தான் போடுகிறேன், உன் குரங்குப் புத்தியை என்னிடம் காட்டாதே என்றாள். மாமாவோ குளிர்ந்துபோனார். பிறந்ததிலிருந்து அக்கா தன் பேச்சைக் கேட்டதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர். உடனே ஒரு வழியும் சொன்னார்: டெஸ்ட் மைதானத்தின் கம்பி வேலிக்கு வெளியே அவர் நிற்பார். கோடு வரும் நேரத்தில் இருமுவார். அதிகாரிக்கு என்ன தெரியும், ஊரெல்லாம் இருமல்.

அம்மா வேண்டாம் என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். அவள் வேலைபோன தன் கைகளைப் பார்த்தாள். பிறகு, "சத்தமா இருமணும்," என்றாள்.

இந்த மாதிரி வேலைக்கு முதல் ஆளாக நிற்பவள் நான். ஆசிரியரின் நாற்காலியிலிருந்து எதிர்வீட்டு அழைப்புமணி வரை என் கைபடாதது குறைவு. ஆனால் அன்று எனக்குப் பின்சீட்டுதான் கண்ணில் நின்றது. வேனில் குட்டிக் குட்டியாகப் பிள்ளைகள், கழுத்தில் தண்ணீர் பாட்டில். குறுக்கே ஒரு சைக்கிள் வருகிறது. அந்த நேரத்தில் மாமா ஏதோ ஒரு கடையில் ரொட்டி இறக்கிக்கொண்டிருப்பார். யார் இருமுவது?

வியாழக்கிழமை கடைசிப் பயிற்சி. மாமா முற்றத்தில் வண்டியை நிறுத்தியதும், பேக்கரியில் இருந்து முதலாளி தேடினார், நேரில் வரச் சொன்னார் என்று ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டேன். அவர் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வேகமாக நடந்தார். அதற்கு முன்பே சுவரோரம் பழைய அட்டைப்பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தேன். பைத்தியக்காரத்தனம் செய்தாலும் மெத்தை போட்டுத்தான் செய்வேன்.

மாமாவின் இடத்தில் உட்கார்ந்தேன். குரல் மாற்றிப் பேசுவது எனக்குக் கைவந்த கலை. "ம்" என்றேன், மூக்கால், அவரைப் போலவே. கால் இறங்கியது. வண்டி நின்றது. அம்மா கவனிக்கவில்லை. இரண்டாவது சுற்றில் ஒன்றுமே இல்லாத நடு முற்றத்தில் "ம்" என்றேன். வண்டி அலறிக்கொண்டு நின்றது. பின்னால் தட்டுகள் சரிந்தன. அம்மா முன்கண்ணாடி வழியே பார்த்தாள். முன்னால் வெறும் சிமெண்ட் தரை. எதற்காக நிறுத்தினோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டேன். திரும்ப எடுத்தாள்.

இந்தத் தடவை சுவரை நோக்கி. நான் உதட்டைப் பல்லால் கவ்விக்கொண்டேன். இரண்டாவது கியர். பெட்டிகளின் மேல் அச்சடித்த எழுத்துகள் படிக்கிற அளவுக்கு வந்தன. என் கால், இல்லாத பிரேக்கைத் தரையில் தேடி மிதித்தது. தொண்டை வரை வந்த சத்தத்தை விழுங்கினேன். அவள் காது எனக்காகக் காத்திருப்பதை என்னால் உணர முடிந்தது. பெட்டிகள் முன்கண்ணாடியில் வந்து இடித்தன, ஒன்று கூரைமேல் உருண்டது, அப்புறம்தான் கால் இறங்கியது. சுவருக்கும் எங்களுக்கும் நடுவே நசுங்கிய அட்டை மட்டும் இருந்தது.

இன்ஜின் அணைந்துவிட்டது. அம்மாவின் கை ஸ்டீயரிங்கை விடவில்லை. அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் இறங்கினாள். நசுங்கிய பெட்டிகளைப் பார்த்தாள், யார் அடுக்கியது என்று பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெட்டிகளை மறுபடி அடுக்கத் தொடங்கினாள். ஒட்டிப் பழகிய கை, என்னைவிட நேராக அடுக்கியது.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள். "நீ என்ன வேணா சத்தம் போடு," என்றாள். "பொய்யா போடு, நிஜமா போடு. நிறுத்தாம போட்டுக்கிட்டே இரு."

போட்டேன். "ம்" என்றேன், "ம்ம்" என்றேன், மாமாவைப் போல இருமினேன், தொழிற்சாலை மணியைப் போலக்கூட அடித்துப் பார்த்தேன். பெட்டிகள் விழுந்தன, அடுக்கினோம், விழுந்தன. முற்றத்தில் வெயில் சாயும்போதும் விழுந்துகொண்டுதான் இருந்தன. முன்பைவிடக் குறைவாக, அவ்வளவுதான். சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்கவில்லை. அம்மா அன்று இரவு சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் சோறு இறங்கவில்லை. உள்ளதையும் நான் கெடுத்துவிட்டேனோ என்ற பயம். இருமலாவது நிச்சயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அதே அதிகாரி. ஏறி உட்கார்ந்ததுமே ஹேண்ட் பிரேக்கின் மேல் கையை வைத்துக்கொண்டார். வேலிக்கு வெளியே நானும் மாமாவும். பொய் சொல்லி அலையவிட்டதற்காக மாமா என்னிடம் பேசவில்லை. ஆனால் கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றி, நோயாளியாகவே வந்திருந்தார். வேண்டாம் மாமா, இருமாதீங்க, அவளே பார்த்துக்கொள்வாள் என்று கெஞ்சினேன். போன இரண்டு தடவையும் அவளே பார்த்துக்கொண்ட லட்சணம் தெரியாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

கூம்புகளுக்கு நடுவே பின்னோக்கி எடுத்தாள். உரசவில்லை. கடைசியாக மேடு. மேட்டின் பாதியில் வெள்ளைக் கோடு. அங்கே நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி எடுக்க வேண்டும். வண்டி ஏறியது. மாமா மூச்சை இழுத்தார். அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அதற்குள், மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரி இருமிவிட்டார்.

வண்டி நிற்கவில்லை.

மாமா மறுபடி இருமினார். உண்மையாகவே புரையேறி, கண்ணில் தண்ணீர் வர இருமினார். வண்டி ஏறிக்கொண்டே இருந்தது. அதிகாரியின் தோள் அசைந்ததைக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துவிட்டார், இன்னும் இழுக்கவில்லை. வேலிக் கம்பி என் உள்ளங்கையில் பதிந்தது. அப்போது வண்டி, யாரும் எதுவும் சொல்லாத ஒரு நேரத்தில், தானாக நின்றது. ஒரு சாண்கூடப் பின்னால் வரவில்லை. பிறகு மெதுவாக மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது.

அதிகாரி இறங்கி வந்து மேட்டில் கோட்டையும் டயர் தடத்தையும் குனிந்து பார்த்தார். தாளில் ஏதோ எழுதினார். போன தடவை உங்களுக்கு என்ன ஆச்சு என்று அம்மாவைக் கேட்டது எங்களுக்குக் கேட்டது. பழக்கம் சார் என்றாள். அவருக்குப் புரிந்திருக்காது. தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் அம்மா முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். நாளைக்கே வருகிறேன் என்று சொல்லி வைத்தாள். மாமா துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். அக்கா ஜெயித்த சந்தோஷம் முகத்தில் பாதிதான் இருந்தது.

"நான் இருமினேனே, கேக்கலையா?"

"கேட்டுச்சு. ரொம்ப சீக்கிரமா இருமிட்டடா."

ரொட்டி வண்டி வரை மூவரும் நடந்தோம். கதவைத் திறக்கும்போது மாமா, முதல் நாள், தெரியாத தெரு, சின்னப் பிள்ளைகள், துணைக்கு வரட்டுமா என்று சாவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வா," என்றாள். "பின்னாடி பிள்ளைங்களோட உக்காரு. அதுங்க கத்தினாலும் நீ 'ம்'னுகூடச் சொல்லாம வரணும்."