உருண்டு வந்த விறகு

இலங்கை மலையில், மடுல்கெல்லைக்கு மேலே, கோப்பித் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடான லயத்தில் என் முதல் மழைக்காலத்தை எப்படிக் கழித்தேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. நான் பிறந்த ஊரில் குளிர் என்றால் மார்கழி விடியலில் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வதோடு சரி. இங்கே மேகம் வாசல் வழியாகவே உள்ளே வந்தது. கூரை புல், சுவர் மண், சுவரில் விரல் நுழையும் இடுக்குகள். அறை நடுவில் அடுப்பு இருந்தது. ஆனால் மழையில் நனைந்த சுள்ளிதான் எங்களுக்குக் கிடைத்தது. அது எரியவே இல்லை, புகைந்தது. நானும் வீட்டுக்காரரும் அவருடைய அக்காவும் தோட்டத்தில் கொடுத்த கம்பளிகளைச் சுற்றிக்கொண்டு, கண் சிவக்க ஊதிக்கொண்டே இருந்தோம்.

வீட்டுக்காரரின் அக்காவை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். புருஷனை இழந்து எங்களோடு கடல் தாண்டி வந்தவர். நல்ல உயரம். பேச்சு குறைவு. ஆனால் அடுப்போடு மட்டும் ஓயாமல் சண்டை பிடிப்பார். "எரியுறியா, இல்ல ஒன்னத் தூக்கி ஆத்துல போடவா?" என்று விறகைப் பார்த்துக் கேட்பார். அடுத்த மழைக்கு முன்னால் அறை நிறைய காய்ந்த விறகு சேர்த்துவிட வேண்டும் என்று அப்போதே இருவரும் முடிவு கட்டிவிட்டோம்.

தை கழிந்து வெயில் ஏறியபோது, புதுக் கோப்பி நடுவதற்காக லயத்துக்கு எதிரே இருந்த மலைக்காட்டை வெட்டினார்கள். வெட்டியவர்கள் சிங்களவர்கள். அவர்கள் எந்த மரத்தையும் முழுதாக வெட்டவில்லை. அடியிலிருந்து மேலே போகப் போக ஒவ்வொன்றையும் பாதி வெட்டிப் பாதி விட்டுக்கொண்டே போனார்கள். கடைசியில் உச்சியில் நின்ற பெரிய மரங்களை மட்டும் சாய்த்தார்கள். அவை கீழே இருந்தவற்றின் மேல் விழ, அவை தங்களுக்குக் கீழே உள்ளவற்றின் மேல் விழ, மலை முழுவதும் ஒரே மூச்சில் படுத்துவிட்டது! காலடியில் நிலம் நடுங்கியது. பறவைகள் வானத்தை மறைத்துக்கொண்டு எழுந்தன. நான் காதைப் பொத்திக்கொண்டு கூவினேன். மதினி கூவவில்லை. அவர் பார்த்தது விறகை.

"எம்புட்டு கெடக்கு பாரு," என்றார்.

மரங்கள் வெயிலில் காய்ந்ததும் மலைக்கு நெருப்பு வைப்பார்கள். அதற்கு முன் வேலை முடிந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் விறகு எடுத்துக்கொள்ளலாம் என்று எங்களை வேலை வாங்கும் கங்காணி சொல்லிவிட்டார். அவ்வளவுதான், லயமே மலைமேல் ஏறிவிட்டது. எங்கள் வீட்டுக்காரர் அந்தச் சமயம் பார்த்து கோப்பி மூட்டை வண்டிகளோடு கண்டிக்குப் போயிருந்தார். நாங்கள் இருவரும் கோப்பி காயவைக்கும் களத்தில் வேலை முடித்து, கடைசியில்தான் போய்ச் சேர்ந்தோம். கைக்கு அடங்கும் கிளைகளையெல்லாம் ஆள்பலம் உள்ள மற்ற வீட்டார் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

மிஞ்சிக் கிடந்தது ஒரு துண்டு. விழுந்த வேகத்தில் இரண்டு பக்கமும் முறிந்து, படுத்த யானைபோல மேட்டில் கிடந்தது. சிங்களவர்கள் கீன என்று சொல்லும் மரம். அதைத் தொடவே ஆள் இல்லை.

"அது பொளக்காதும்மா," என்றார் அந்தப் பக்கம் வந்த கங்காணி. "நாரு முறுக்கிக்கிட்டு இருக்கும். கோடாலிதான் ஒடையும்."

"தடியா இருந்தாத்தான் கங்கு விடியிற வரைக்கும் நிக்கும்," என்றார் மதினி. எங்களுக்கு அதுதான் என்று முடிவாகிவிட்டது.

காடு வெட்டியவர்களில் ஒருவரிடம் இரண்டு இரும்பு ஆப்புகளை இரவல் வாங்கினோம். நான் ஆப்பைப் பிடிக்க, மதினி கோடாலியின் பின்பக்கத்தால் அடித்தார். பிறகு அவர் பிடிக்க, நான் அடித்தேன். உள்ளங்கை கொப்புளித்தது. ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் ஆப்பு கொஞ்சம் இறங்குவதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முதல் ஆப்பு அதன் தலை வரை இறங்கியது. மரத்தில் மயிரிழை போல ஒரு கீறல் ஓடியது. அந்தக் கீறலிலேயே இரண்டாவதையும் இறக்கினோம். அதற்குமேல் ஒன்றுமில்லை. இரண்டு ஆப்பும் உள்ளே மாட்டிக்கொண்டன. அசைக்கக்கூட முடியவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும்போது, கங்காணி சத்தம்போட்டுச் சொன்னார்: "மேகம் கூடுது. நாளைக்கே நெருப்பு வைக்கச் சொல்லிட்டாரு தொர. விறகு எடுக்கிறவங்க இன்னைக்கே எடுத்துக்கங்க!"

அன்று வேலை முடிந்ததும் ஓட்டமாக ஓடினோம். மரத்துண்டின் பக்கத்தில் ஆப்புக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"நங்கி, என் ஆப்பு எங்க?" என்று கேட்டார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். தங்கை என்பதை நங்கி என்பார்.

மதினி மரத்தைக் காட்டினார். ஆப்புக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மோ!" என்று தலையில் கை வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மதினி கோபத்தில் மரத்தை ஓங்கி ஓர் உதை விட்டார். அந்த உதைக்கு, அத்தனை பெரிய துண்டு இலேசாக ஆடியது!

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"உருட்டுவமா?" என்றேன். கீழே வெட்டிய சரிவு, அதற்கு அடியில் பாறையும் ஓடையும், ஓடையைத் தாண்டினால் எங்கள் லயம். சுமந்து போக முடியாத மரம் தானாகவே வீட்டுக்குப் போகட்டும்!

கங்காணியைக் கூப்பிட்டுக் கேட்டோம். அவர் சரிவைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், "கீழ ஆளில்லாமப் பாத்துக்கங்க," என்று சொல்லிவிட்டு, அவரே கையை வாயருகே குவித்து, "வெலகு! வெலகு!" என்று மலை எதிரொலிக்கக் கத்தினார். சரிவில் நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். கடைசி ஆளும் ஒதுங்கியபின், நாங்கள் நீளக் கம்புகளை அடியில் கொடுத்து நெம்பினோம்.

மரம் ஒருமுறை புரண்டது. நின்றது. மறுபடி புரண்டது. பிறகு எங்களை விட்டுப் போய்விட்டது.

அப்படி ஓர் ஓட்டத்தை நான் கண்டதில்லை. குதித்தது, மண்ணைக் கிளப்பியது, காய்ந்த சருகை அள்ளி வீசியது. நான் என்னை அறியாமல் மதினியின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். திடீரென்று அது வலப்பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் கோப்பி நாற்றுமேடை! தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தன் பிள்ளையைப் போல வளர்க்கும் நாற்றுகள். கங்காணி "ஐயையோ" என்று உட்கார்ந்தே விட்டார்.

நாற்றுமேடைக்கு மேலே ஓர் அடிக்கட்டை நின்றது. மரம் அதில் மோதி, எகிறி, இடப்பக்கம் திரும்பி, நேராகப் போய் ஓடைப் பாறையில் விழுந்தது. இடி இடித்தது போல ஒரு சத்தம். உள்ளே இருந்த ஆப்புகள் இரண்டும் தெறித்து வெளியே பறந்தன. மரம் முதலில் இரண்டாகப் பிளந்தது, பிறகு பல துண்டாகிச் சிவந்த உள்வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது.

லயத்தில் எழுந்த கூச்சலை என்னவென்று சொல்வது! மதினி சரிவில் பாதி ஓடியும் பாதி சறுக்கியும் இறங்கினார். நானும் சறுக்கினேன். சேலை கிழிந்தது கூடத் தெரியவில்லை. ஆப்புக்காரர் ஓடைத் தண்ணீரில் துழாவி, இரண்டு ஆப்பையும் எடுத்துத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார்.

ஒருமுறை வாய் திறந்த மரம் அதன்பிறகு மல்லுக்கு நிற்கவில்லை. கோடாலியை வைத்தால் போதும், வரி வரியாகப் பிளந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து கைகொடுத்தார்கள். பட்டை கீழே, வயிறு மேலே என்று, காற்றுப் போக இடைவெளி விட்டு, வாசல் பக்கத்துச் சுவரோரம் கூரை விளிம்பு வரை அடுக்கினோம். வெயில் மறைவதற்குள் இடுக்கு விழுந்த அந்தச் சுவரை விறகு முழுவதுமாக மறைத்துவிட்டது.

மறுநாள் எதிர்மலை எரிந்தது. சாம்பல் எங்கள் தலையில் பூப்போல விழுந்தது. அடுத்த வாரம் கண்டியிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர், விறகு அடுக்கின் முன்னால் இங்கும் அங்கும் நடந்து பார்த்து, "யாரு பொளந்து குடுத்தா?" என்று கேட்டார்.

"ஒங்கக்கா ஒதைச்சாங்க," என்றேன். அவர் நம்பவில்லை.

மழை பிடித்த முதல் மாலை, மதினி அடுப்பில் ஒரு கட்டையை வைத்தார். புகை வரவில்லை. மஞ்சளாக ஒரு சுடர் எழுந்து நின்றது. அறை மெல்லச் சூடேறி, எங்கள் கம்பளிகளிலிருந்து ஆவி பறந்தது. வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டார் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். கங்காணியும் வந்து, கதவோரம் குந்திக் கையைக் காயவைத்தார். யாரோ ஒரு மடி பலாக்கொட்டை கொண்டு வந்திருந்தார்கள். மதினி அவற்றைக் கங்குக்குள் தள்ளினார். அவை ஒவ்வொன்றாக வெடிக்க வெடிக்க, சூடு பொறுக்காமல் கைக்குக் கை மாற்றிக்கொண்டு எல்லோரும் தின்றோம்.