வக்கீலுக்கு மாதிரி கேட்டவர்

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் அவரைப் பெட்டிக்காரர் என்றுதான் சொல்வார்கள். மாடிப்படிக்குப் பக்கத்து அறையில் பச்சை நிற இரும்புப் பெட்டி ஒன்று சுவரோடு சேர்த்துத் திருகப்பட்டிருக்கும். டெண்டர் உறைகளை அதில்தான் போட வேண்டும். அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி கணக்கு அதிகாரியிடம் இருக்கும். இன்னொன்று இவருடைய இடுப்புக் கயிற்றில் தொங்கும். நான் அந்த அறையைப் பெருக்கி, கோப்புகளை மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் தூக்கிக்கொண்டு போகிறவள். பதினான்கு வருடமாக அவரைப் பார்க்கிறேன்.

முதலில் அவர் நகராட்சிக் கிடங்கில் குழாய் எண்ணுகிற வேலையில் சேர்ந்தாராம். லாரியில் வந்து இறங்கும் குழாய்களை, டெண்டரோடு கொடுத்த மாதிரிக் குழாயோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்பது வேலை. ஒருமுறை தெருவிளக்கு பல்புகள் வந்தபோது, மாதிரி பல்பின் அடிப்பகுதி பித்தளை, வந்தது தகரம் என்று லாரியோடு திருப்பி அனுப்பிவிட்டார். ஊரே பத்து நாள் இருட்டில் கிடந்தது. திட்டாதவர் இல்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அவரைக் கிடங்கிலிருந்து எடுத்து டெண்டர் பிரிவில் உட்கார வைத்தார்கள்.

பேச்சு குறைவு. படிக்கும்போது வரியின் மேல் விரல் நகரும், உதடும் அசையும். மதியம் ஜன்னலுக்கு முதுகு காட்டிச் சாப்பிடுவார். தின்பண்டமோ, நாட்காட்டியோ ஒப்பந்தக்காரர்கள் கொண்டுவந்தால், "மேசைமேல வைக்காதீங்க, இடம் இல்லை" என்பார். மேசை காலியாகத்தான் இருக்கும்.

அவருடைய மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார். பிள்ளைகள் இல்லை. பதினொரு வருடமாகப் பிரிவுத் தலைவர் பதவி வரும் வரும் என்று காத்திருந்தார்கள். இரண்டு முறை பட்டியலில் பெயர் வந்து நழுவிவிட்டது. போன வருடம் மூன்றாவது முறையாக, முதல் பெயராக வந்தது. இதுவும் தவறினால் ஓய்வு வயது வந்துவிடும். அந்தப் பட்டியல் கையெழுத்துக்குக் காத்திருந்த மாதத்தில்தான் வக்கீல் டெண்டர் வந்தது.

அதுவரை நகராட்சிக்கு ஒரே வழக்கறிஞர்தான். நகராட்சித் தலைவரின் நண்பர். இருபது வருடமாக ஒரு கடிதம் போட்டால் போதும், வழக்கு அவரிடம் போய்விடும். சாக்கடை நில வழக்கு, வீட்டை நீட்டிக் கட்டியவர்கள் மேல் போட்ட வழக்கு, வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள் போட்ட வழக்கு எல்லாம் அவரிடம்தான். ஒரு வழக்கில் வாய்தா தேதியை அவர் மறந்தே போனார். நகராட்சி தோற்றது. தணிக்கைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு, குழாய்க்கும் பல்புக்கும் போட்டி வைத்து வாங்குகிற நீங்கள் வெளி வக்கீலை மட்டும் ஏன் அப்படி எடுக்கவில்லை என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

ஆணையர் பெட்டிக்காரரைக் கூப்பிட்டு, நான்கு நாளில் அறிவிப்பு தயாராக வேண்டும் என்றார்.

"வக்கீலுக்கு டெண்டர் போட்டதில்லையே சார். படிவமே இல்லையே."

"இருக்கிறதுல ஒண்ணை எடுத்து மாத்துங்க. வக்கீலும் நாம வாங்குறதுதானே."

அவர் எடுத்தது குழாய்ப் படிவம். பக்கத்து மேசை இளைய எழுத்தர் கணினியில் 'பொருள்' என்று வருகிற இடமெல்லாம் 'சேவை' என்று ஒரே தட்டில் மாற்றிக் கொடுத்தார். பெட்டிக்காரர் விரல் வைத்துப் படித்தார். 'சேவை உடைந்திருந்தால் ஏழு நாளில் மாற்றித் தர வேண்டும்' என்ற வரியை அடித்தார். 'சேவையை லாரியிலிருந்து இறக்கும் கூலி' என்பதையும் அடித்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர் அலுவலகத்தில் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். புதிதாகச் சேர்க்க வேண்டியதையும் சேர்த்தார். எத்தனை வருட அனுபவம், கேட்ட கேள்விக்கு எத்தனை நாளில் கருத்து எழுதித் தருவார்கள், நகராட்சிக்கு எதிராக இப்போது யாருக்காவது வாதாடுகிறார்களா, இப்படி. தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை. தகுதிக்கு மதிப்பெண் போட்டு முடிக்கும்வரை விலை உறையைப் பிரிக்கக் கூடாது.

ஏழாவது நிபந்தனை அப்படியே நின்றுவிட்டது. 'சேவையின் மாதிரி ஒன்றைத் தகுதி உறையில் இணைக்க வேண்டும். இணைக்காத ஒப்பந்தப்புள்ளி நிராகரிக்கப்படும்.' வாழ்நாள் முழுக்க மாதிரி பார்த்தவர் கண்ணுக்கு அந்த வரி உறுத்தவில்லை. ஆணையரும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். பத்திரிகையில் வந்தது.

ஒரு வாரம் கழித்து ஒரு பெண் வழக்கறிஞர் கவுன்டருக்கு வந்தார். தனியாக ஒரு சின்ன அலுவலகம் வைத்திருப்பவர். நான் பீரோவின் மேல் தூசு தட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், ஏழாவதுல சேவையோட மாதிரின்னு போட்டிருக்கீங்க. வக்கீல் வேலைக்கு என்னத்த மாதிரி வைக்கிறது?"

பெட்டிக்காரர் உறைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. "போட்டிருக்கிறதை வைக்கணும்மா. வைக்கலைன்னா தள்ளிருவோம்."

"நான் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுத்த வாதம் ஒண்ணு வைக்கட்டுமா?"

"வைங்க."

அவர் போன பிறகு இவர் கை நின்றது. அறிவிப்பை எடுத்து ஏழாவது வரியில் விரலை வைத்தார். உதடு ஒருமுறை அசைந்தது, பிறகு அசையவில்லை.

ஒருவர் கேட்ட கேள்விக்குச் சொன்ன பதிலை அன்றே எழுதி வெளிப் பலகையில் ஒட்ட வேண்டும், எல்லோருக்கும் ஒரே சேதி போக வேண்டும் என்பது அந்த அறையின் முதல் பழக்கம். ஒரு குழாய்க்காரர் மரையின் அளவைக் கேட்டால்கூட ஒட்டுவார். நான்தான் பசை தடவிக் கொடுப்பேன். அன்று அவர் பசை கேட்கவில்லை. ஒட்டினால், வக்கீலுக்கு மாதிரி கேட்ட கோமாளித்தனம் ஊர் முழுக்கத் தெரியும். பட்டியல் மாடியில் கிடக்கிறது. அறிவிப்பை மடித்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பீரோவைப் பார்த்தேன்.

உறை பிரிக்கும் நாளில் நான்கு உறைகள் இருந்தன. ஆணையரும் கணக்கு அதிகாரியும் ஒரு பக்கம், வந்தவர்கள் எதிர்ப்பக்கம். பழைய வழக்கறிஞர், ஒரு பெரிய நிறுவனத்தின் ஆள், இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் ஓர் அலுவலகத்தின் பங்காளி, அந்தப் பெண் வழக்கறிஞர். பெட்டிக்காரர் ஒவ்வொரு தகுதி உறையாகப் பிரித்து உள்ளே இருப்பதை வாசித்தார். பெண் வழக்கறிஞரின் உறையில் மட்டும் பன்னிரண்டு பக்கத் தாள்கட்டு இருந்தது. மேலே 'மாதிரி' என்று எழுதியிருந்தது.

பெரிய நிறுவனத்தின் ஆள் சிரித்தார். "நாங்களும் யோசிச்சோம் சார். மாதிரிக்கு ஒரு வக்கீலைக் கவர்ல கட்டி அனுப்பினா மூச்சு முட்டிடுமேன்னு விட்டுட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள். பழைய வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என்னைத்தான் இருபது வருஷமா பார்க்கிறாங்களே, இதைவிடவா மாதிரி?" என்றார்.

"அந்த மாதிரியைப் பார்த்துத்தானே சார் டெண்டரே போட்டாங்க" என்றார் அந்தப் பெண். "சிரிச்சு முடிச்சுட்டு ஏழாவதுல ரெண்டாவது வரியையும் படிங்க. இணைக்கலைன்னா தள்ளுபடி."

படித்தார்கள். ஆணையர் கூட்டத்தை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்.

பிறகு மாடியில் ஆணையர் அறைக்கு நான்தான் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டு வழிதான்" என்றார் ஆணையர். "டைப்பிங் தப்பு, அந்த நிபந்தனையை விட்டுரலாம்னு எழுதினா நாலு பேரும் உள்ள வருவாங்க. இல்ல, நிபந்தனை நிபந்தனைதான்னு எழுதினா மூணு பேர் வெளிய, அந்தம்மா மட்டும் உள்ள. வேணும்னேதான் போட்டோம்னு சொல்லுங்க, நல்லாவே இருக்கு. வாங்கப்போற வேலையைப் பார்த்துட்டு வாங்குறதுல என்ன தப்பு? தலைவரை நான் சமாளிச்சுக்கிறேன். உங்களுக்கும் ஒண்ணும் வராது."

அந்த இரண்டாவது வழியில் அவர் பெயருக்கு ஒரு கீறலும் விழாது. இன்னும் சொன்னால், கெட்டிக்காரர் என்ற பெயர்கூட வரும். எனக்கே அது புரிந்தது.

"சார், அந்தம்மா முன்னாடியே வந்து கேட்டாங்க. வைக்கலைன்னா தள்ளிருவோம்னு நான் சொன்னேன். பலகையில ஒட்டல."

ஆணையர் பேனாவை மூடினார். "ஏன் ஒட்டல?"

"தப்பு வெளிய தெரிஞ்சிரும்னு."

"யாராவது பார்த்தாங்களா?"

"இவங்க இருந்தாங்க."

ஆணையர் என்னைப் பார்த்தார். "கேட்டியாம்மா?"

"ஆமா சார்" என்றேன். அந்த அறையில் நான் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

"அவங்களுக்கு ஒரு சேதி, மத்த மூணு பேருக்கு இல்லாத சேதி" என்றார் பெட்டிக்காரர். "மூணு பேரைத் தள்ளவும் முடியாது, நிபந்தனையை விடவும் முடியாது சார். நான் சொன்னபடி அந்தம்மா செஞ்சிருக்காங்க. எல்லாத்தையும் ரத்து பண்ணிட்டு மறுபடி போடணும்."

"ரத்துன்னா காரணம் எழுதணும்யா. பட்டியல் என் மேசையில இருக்கு. தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரியும் சார். ஒரு மணி நேரம் கொடுங்க."

கீழே வந்ததும் இளைய எழுத்தர் அவரை ஓரமாக இழுத்துப்போனார். பட்டியலில் இரண்டாவது பெயர் இந்த இளைஞருடையது.

"அண்ணே, வாயை வச்சிக்கிட்டு சும்மா இருங்க. ஆணையரே வழி காட்டுறாரு. நீங்க விழுந்தா அந்த எடத்துல நான் போய் நிக்கணும். எனக்கு அது வேண்டாம்."

"உனக்கு வேண்டாம்னா நீ எழுதிக் குடு. என்னுதை நான் எழுதுறேன்."

உட்கார்ந்து எழுதினார். பாதிப் பக்கம்தான். ஏழாவது நிபந்தனை என் கவனக்குறைவால் நின்றது. ஒருவருக்குச் சொன்ன விளக்கத்தை மற்றவர்களுக்குத் தெரிவிக்காமல் இருந்தது தெரிந்தே செய்தது. 'தெரிந்தே' என்ற சொல்லை எழுதும்போது கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். கோப்பை என்னிடம் கொடுத்து, "மேல கொடுத்துட்டு வந்துருங்க" என்றார். படியில் ஏறும்போது கோப்பு கனக்கவில்லை. வழக்கமான கோப்புதான்.

டெண்டர் ரத்தானது. பிரிக்காத தன் விலை உறையைத் திருப்பி வாங்க வந்தபோது அந்தப் பெண் வழக்கறிஞர் கவுன்டரில் கையூன்றி நின்றார்.

"உங்க தப்பை நீங்க கழுவிக்கிட்டீங்க சார். பத்து நாளா உக்காந்து பண்ணின வேலை எனக்குப் போச்சு. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணலம்மா."

"அப்ப?"

"கவர் பிரிக்காம இருக்கு, பார்த்துக்கங்க. இங்க ஒரு கையெழுத்து."

போட்டார். பேனாவை மேசையில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது.

இரண்டாவது அறிவிப்பில் ஏழாவது நிபந்தனை போகவில்லை. ஏற்கெனவே நீதிமன்றத்தில் கொடுத்த வாதம் ஒன்றை, கட்சிக்காரர் பெயரை மறைத்து இணைக்க வேண்டும் என்று தெளிவாக எழுதினார். அதைப் படித்து மதிப்பெண் போட வெளியிலிருந்து ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வரவழைத்தார்கள். கேள்விகள் ஒன்பது வந்தன. ஒன்பதுக்கும் பசை தடவினேன். கடைசியில் அந்த இரண்டு பேர் நடத்தும் அலுவலகத்துக்குத்தான் வேலை போனது. பெண் வழக்கறிஞர் மூன்று மதிப்பெண் வித்தியாசத்தில் இரண்டாவது இடம். பழைய வழக்கறிஞருடைய மாதிரியில் எழுத்துகள் மங்கிப் பாதிப் பக்கம் படிக்கவே முடியவில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே மெமோ வந்து பெட்டிக்காரருடைய பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டது. பிரிவுத் தலைவராக இளைய எழுத்தர் பெயர் வந்தது. முதல் நாள் இவர் கோப்போடு உள்ளே போனபோது அவர் எழுந்து நின்றுவிட்டார். "உக்காருங்க சார், கையெழுத்துக்கு வந்தேன்" என்றார் இவர். இரண்டு மூன்று நாள் அந்தப் பிள்ளை 'அண்ணே' என்றும் சொல்ல முடியாமல், பெயர் சொல்லியும் கூப்பிட முடியாமல் தவித்தார். பிறகு பழகிவிட்டது.

அடுத்த வாரம் நான் ஒரு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் பெட்டிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். விடுமுறை நாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் சட்டைக்குத் தானே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். மனைவி தொலைபேசியில் நாத்தனாரோடு பேசிக்கொண்டே என் அளவை எழுதினார்.

"இல்லம்மா, உங்க அண்ணனுக்குத்தான் அதுல இஷ்டமே இல்ல. வேற யாருக்காவது குடுங்கன்னு சொல்லிட்டாரு. பொறுப்பு ஜாஸ்தி, இந்த வயசுல எதுக்குன்னு..."

அவர் நூலைப் பல்லால் கடித்தார். "இஷ்டம் இருந்துச்சு. கிடைக்கலன்னு சொல்லு."

மனைவி தொலைபேசியைக் கையால் பொத்தினார். "ஏங்க, பதினொரு வருஷமா அவகிட்ட சொல்லிச் சொல்லி வச்சது நான். இப்ப நான்தானே பதில் சொல்லணும்?"

"அதான் சொல்லு."

அளவு நாடா மனைவியின் தோளில் தொங்கியது. என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். தொலைபேசியை மறுபடி காதில் வைத்தார்.

"கிடைக்கலையாம்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "தெரியலம்மா, ஏதோ எழுதிக் கொடுத்தாராம். அவரே சொல்லுவாரு, இரு, கொடுக்கிறேன்."

அவர் ஊசியைச் சட்டையில் குத்திவைத்துவிட்டுக் கை நீட்டினார்.