பாய்மரக் கம்பில் ஏறிய மோடம்

தலைமன்னாரில் றொசானாவின் தட்டச்சுக் கடை என் வீட்டுக்குப் பக்கத்து வளவில் இருக்கிறது. ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். கிழமைக்கு ஒரு முறைப்பாட்டுக் கடிதமாவது எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. நான் சொல்லச் சொல்ல அவள் அடிப்பாள். இடையில், போன கிழமையும் உங்கள் வளவுக்குள் புகுந்து மேயும் இதே கழுதையைப் பற்றித்தானே எழுதினோம் என்று நினைவூட்டவும் செய்வாள்.

அவளுக்கு முப்பத்தெட்டு வயது. உயர்தர வகுப்பு படிக்கும்போது யுத்தத்தால் இடம்பெயர்ந்து, படிப்பு அத்தோடு நின்றது. பிறகு பெனடிக்றோடு கல்யாணம். அவர் கடலுக்குப் போகிறவர். கடையில் இருப்பது, ஒரு தொண்டு நிறுவனம் மூடும்போது விட்டுப்போன பழைய கணினி. அதில் ஓடுவது லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம். கணினியைப் போட்டதும், சிம் அட்டை செருகிய விரலளவு மோடம் தானாகவே டயல் செய்து இணையத்தைப் பிடிக்கும். அறுந்தால் மறுபடியும் தானே டயல் செய்யும். அதற்கான கட்டளைகளை, பிழைவிட்டுப் பிழைவிட்டு அவளே எழுதினாள்.

அன்று கழுதை விஷயமாகப் போனபோது, இருங்கோ என்றுகூட அவள் சொல்லவில்லை. மோடம் டயல் செய்வதும் அறுவதுமாக இருந்தது. சிம் நிறுவனத்துக்கு ஒரு காரமான கடிதம் போடுவோம் என்றேன். முறைத்தாள். அப்போதுதான் மேசையில் கிடந்த கடதாசி என் கண்ணில் பட்டது. உயர்தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கான விபரங்கள். பெயர் றொசானா. அன்று நாலு மணியோடு விண்ணப்பம் முடிகிறது. மணி இரண்டு பத்து.

"ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ அண்ணை. பெனடிக்றுக்கும் தெரியாது. சிரிப்பார்."

யாரிடமாவது நல்ல போன் வாங்கிப் போடலாமே என்றேன். அப்படிச் செய்தால் கோயிலில் பின்னேர மணி அடிக்க முன்னம் ஊருக்கே தெரிந்துவிடும் என்றாள். என்னிடம் இருப்பதோ வெறும் பட்டன் போன்.

கணினிக்கு மோடம் தெரிகிறதா என்று பார்த்தாள், தெரிந்தது. வயரைக் கழற்றி வேறு துளையில் செருகினாள், அதே கதைதான். என் போனிலும் அதே நிறுவனத்தின் சிம்தான், அது ஒழுங்காக வேலை செய்தது. ஆக, என் காரமான கடிதமும் செத்தது. கடைசியில், மோடம் செய்ததையெல்லாம் கணினி எழுதிவைக்கும் பதிவைத் திறந்து வரிவரியாக வாசித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. எங்கள் நாட்டுத் தொலைபேசிக் கோபுரங்களின் இலக்கம் 413 என்று தொடங்கும். அங்கே நின்றது 404. அது இந்தியாவின் இலக்கம். மோடம் ஒவ்வொரு தடவையும் அக்கரைக் கோபுரத்தின் கதவைத் தட்டியிருக்கிறது. அது ஒவ்வொரு தடவையும் துரத்தியிருக்கிறது.

காரணம் கூரைக்கு மேலே நின்றது. கடலில் சிக்னல் குறைந்தால், போனைப் பொலித்தீன் பையில் போட்டுக் கம்பில் கட்டி உயர்த்துவது எங்கள் ஆட்களின் வழக்கம். மூன்று நாளுக்கு முன் பெனடிக்றும் நீள வயரோடு மோடத்தைப் பழைய பாய்மரக் கம்பில் கட்டி ஏற்றியிருந்தார். அந்த உயரத்தில் இராமேஸ்வரத்துக்கும் அதற்கும் நடுவில் கடலைத் தவிர ஒன்றுமில்லை.

றொசானா கத்தியை எடுத்துக்கொண்டு பின்வளவுக்கு நடந்தாள். இந்தக் காட்சியை விடுவேனா, நானும் பின்னால் போனேன். பெனடிக்ற் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ஆரைக் கேட்டு மோடத்தை ஏற்றினீர்கள், இப்போதே வெட்டி இறக்கப்போகிறேன் என்று அவள் பொரிந்தாள்.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. "இண்டைக்குத்தானே கடைசி நாள்? மெத்தைக்குக் கீழ உன்ர கடதாசியைக் கண்டனான். இண்டைக்கு நெற் இழுபடக்கூடாது எண்டுதான் கட்டினனான்."

றொசானா கத்தியை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

கம்பை அவள் இறக்கவில்லை. கோபுரத்தை நீயாகத் தெரிவு செய்யாதே, எங்கள் கோபுரத்தை மட்டும் பிடி என்று மோடத்துக்கு ஒரே ஒரு வரி எழுதினாள். அது டயல் செய்தது. இந்த முறை அறுபடவில்லை. மூன்று இருபதுக்கு விண்ணப்பம் போய்ச் சேர்ந்து, பதிவு இலக்கமும் வந்தது.

பெனடிக்ற் வாசலில் வந்து நின்றார். "போட்டுதோ?"

"ஓம், போட்டுது."

"அப்ப கம்பைக் கழட்டட்டோ?"

"வேண்டாம். அது நிக்கட்டும்."

அந்தக் கம்பு இப்போது என் மதிலுக்கு மேலே ஒரு முழம் சாய்ந்து நிற்கிறது. அதைப் பற்றி மட்டும் நான் இன்னும் முறைப்பாடு எழுதவில்லை.