மண்ணைத் தள்ளி மூடிய சளி

சென்ற ஆண்டு மார்கழியில் ஒரு காலை. திண்டிவனத்துக்கு அந்தப் பக்கம் பாறையை ஜல்லியாக உடைக்கும் ஒரு கிரஷரிலிருந்து துணிப்பையோடு நடந்துகொண்டிருந்தேன். இருமல் அதிகமானதால் மேஸ்திரி என்னை நிறுத்திவிட்டார். பெரிதாக வருத்தமில்லை. எட்டாவதோடு பள்ளியை விட்டவன். செங்கல் சூளை, அரிசி ஆலை, கிரஷர் என்று மாறி மாறிப் பழக்கம். திண்டிவனத்தில் பஸ் மாறி வல்லம் பக்கம் போனால் இன்னொரு கிரஷர் இருக்கிறது.

கிரஷரில் மாலையானால் ஆளுக்கொரு வெல்லக்கட்டி தின்போம். தூசியை அது வயிற்றுக்கு இறக்கிவிடும் என்று நம்பிக்கை. காறித் துப்பினால் உடனே காலால் மண்ணைத் தள்ளி மூடிவிடுவோம். மேஸ்திரி கண்ணில் பட்டால் வேலை போய்விடுமே! நாளடைவில் துப்பியதை நாங்களே பார்ப்பதில்லை. கால் தானாக மூடிவிடும்.

பஸ் நிறுத்தத்திலும் அப்படித்தான் மூடினேன். அங்கே நின்றிருந்த ஓர் அம்மா என்னையே பார்த்தார்.

"இன்னாத்துக்குப்பா மூடுற? நீ இன்னா பூனையா?"

அவர் கணவரும் பாறை உடைத்தவராம். நெஞ்சு கெட்டு வீட்டோடு கிடக்கிறார். அவருக்கு மாத்திரை வாங்க இந்த அம்மா திண்டிவனம் அரசு மருத்துவமனைக்குப் போகிறார். நான் வல்லம் போவதைச் சொன்னேன்.

"அங்க மட்டும் கல்லு பூவாட்டம் ஒடையுதா? எங்கூட ஆஸ்பத்திரிக்கு வா."

பஸ்ஸில் ஏறவே எனக்கு மூச்சு வாங்கியது. என் பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டவர், திண்டிவனத்தில் இறங்கியதும் அதைத் தராமலே முன்னால் நடந்தார். வேறு வழியின்றிப் பின்னால் போனேன்.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். "சளி எப்படி வருது? என்ன கலரு?" என்றார். என் உடம்பிலிருந்து வருவதை நான் பார்த்தே வருடங்கள் ஆகியிருந்தன.

"பச்சை சார்," என்றார் பின்னாலிருந்து அந்த அம்மா. "கெட்டியா, கூழாட்டம். கீழ வுழாம நூலு மாதிரி இழுத்துது. ரத்தம் இல்ல."

"நீங்க இவரு சம்சாரமா?"

"ஐயே, இவரு யாருன்னே தெரியாது சார். பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தாரு."

பின்னால் நின்ற வரிசையே சிரித்தது. நானும் சிரிக்கப்போய் இருமினேன்.

சளியைச் சோதனைக்கு எடுத்தார்கள். நெஞ்சைப் படம் பிடித்தார்கள். தூசி தங்கிய நெஞ்சு இனிப் பழையபடி ஆகாது, அதற்கு மேல் பிடித்திருக்கும் கிருமி மாத்திரைக்குக் கட்டுப்படும், மறுபடி தூசியில் நின்றால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்றார் டாக்டர்.

வெளியே வந்து பையை நீட்டும்போது அந்த அம்மா சொன்னார்: "எங்க ஊட்டுக்காரரு துப்பற டப்பாவ தினம் காலைல பாப்பேன். வெள்ளையா, தண்ணியாட்டம் இருந்தா அன்னிக்கு நிம்மதி. மஞ்சளாகி கெட்டியானா ஜல்தியா கூட்டிக்கினு ஓடியாருவேன். ஒருவாட்டி பாக்காம வுட்டு, ஆக்சிசன் வெக்கற வரிக்கும் போயிடுச்சு. உனக்கு யாரு பாப்பாங்க? நீதான் பாத்துக்கணும்."

அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வல்லத்துக்குப் பஸ் ஏறவில்லை. மறுநாள் காலை விழுப்புரம் பைபாஸில், லாரி கழுவும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலில் வந்து நின்றதே ஒரு ஜல்லி லாரிதான். தண்ணீரைப் பீய்ச்சியதும் சாம்பல் நிறச் சேறு கெட்டியாக வழிந்தது. அது தெளிந்த தண்ணீராக ஓடும் வரை கண்ணை எடுக்காமல் நின்றேன். இப்போதும் தினமும் காலையில், துப்பியதைக் குனிந்து பார்த்த பிறகுதான் என் கால் மண்ணைத் தள்ளுகிறது.