சுவருக்குள் போன கேபிள்

என் வீட்டுக்காரருக்கு டிப்போவில் ஆமை என்று பெயர். நகரப் பேருந்து ஓட்டுகிறார். மஞ்சள் விளக்கைப் பார்த்தால் மற்ற டிரைவர்கள் ஆக்ஸிலேட்டரை மிதிப்பார்கள். இவர் பச்சையைப் பார்த்தாலே, இது எப்போது மாறுமோ என்று காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோய்விடுவார். இவர் வண்டியில் நின்றுகொண்டே தூங்கலாம் என்பார்கள் வழக்கமாக வருகிறவர்கள். அவசரமாகப் போகிறவர்கள் இவர் முகத்தைப் பார்த்ததும் அடுத்த வண்டிக்கு நின்றுவிடுவார்கள். கல்யாணமான புதிதில் நானே ஒரு தடவை அப்படி நின்றேன். கண்ணாடியில் பார்த்துவிட்டார். இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்குக் கார் ரேஸ் பைத்தியம் என்றால் யார் நம்புவார்கள்? நிஜக் கார் இல்லை. டிவியில் கேம் பெட்டியை மாட்டி, சோபாவில் உட்கார்ந்து, கன்ட்ரோலரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற ரேஸ். "நாள் முழுக்க ஓட்டிட்டு வந்து வீட்லயும் வண்டிதானா?" என்று கேட்டால், "இங்க யாரும் பெல் அடிக்க மாட்டாங்கம்மா" என்பார்.

பழக்கிவிட்டது அவர் தம்பி, என் கொழுந்தன். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர். பகலெல்லாம் "அசையாதீங்க, மூச்சை அடக்குங்க" என்று அடுத்தவரிடம் சொல்லிச் சொல்லியோ என்னவோ, அவரால் ஓர் இடத்தில் அசையாமல் இருக்க முடியாது. மாடிப்படியை இரண்டிரண்டாகத்தான் ஏறுவார். நான் அவருக்கு வைத்த பெயர் ராக்கெட். அந்த விளையாட்டில் அண்ணனுக்கு 'ஆமை' என்று பெயர் போட்டுக் கொடுத்ததும், தனக்கு 'ராக்கெட்' என்று வைத்துக்கொண்டதும் அவரேதான்.

அப்போது ஒரே வீடு. ஹாலில் எங்கள் டிவி, உள் அறையில் அவர்கள் டிவி. ஒரே திரையை இரண்டாகப் பிரித்து ஓட்டினால் கொழுந்தன் அண்ணன் பக்கத்தை எட்டிப் பார்க்கிறார் என்று தகராறு வந்தது. அதனால் ஆளுக்கு ஒரு டிவி, ஆளுக்கு ஒரு பெட்டி, இரண்டையும் சேர்க்க நீளமாக ஒரு நீலக் கேபிள். இன்டர்நெட் வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம். இரண்டு பெட்டியையும் போட்டால் ஒன்றையொன்று தானே கண்டுபிடித்துக்கொள்ளும். நானும் என் ஓரகத்தியும், அதாவது கொழுந்தன் பெண்டாட்டியும், அந்தக் கேபிள் தடுக்கி விழாத நாளில்லை. அவளுக்கும் எனக்கும் அதைத் தவிர வேறு எந்தக் குறையும் அந்த வீட்டில் இருந்ததில்லை.

வீட்டுக்கு நடுவில் சுவர் வந்த கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மாமனாருக்கு ஒரு சாயங்காலம் நெஞ்சு வலி. இவர்தான் எங்கள் பழைய காரை எடுத்தார். பின் சீட்டில் கொழுந்தன், மடியில் அப்பா. வழியில் சிவப்பு விளக்கு, குறுக்கே சாரை சாரையாக வண்டிகள். "போண்ணே, போ, போ" என்று தம்பி கத்த, இவர் நின்றார். அடுத்த விளக்கிலும் நின்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு மாமனார் கொஞ்ச நேரம்தான் இருந்தார். முன்னாடியே கொண்டுவந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். யார் காதில் ஏறியது? அத்தனை பேர் முன்னாலும் கொழுந்தன் சொல்லிவிட்டார், "சிக்னல்ல நின்னு நின்னே அப்பாவைக் கொன்னுட்ட."

இவர் வாயே திறக்கவில்லை. நான் பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் இருக்கிறேன். அங்கே வருகிறவர்களிடம் வாயைத் திற என்று சொல்ல டாக்டர் இருக்கிறார். வீட்டில் அந்த வேலை என் தலையில். திருப்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். இவர் என்ன செய்தார்? கொஞ்ச நாள் கழித்து ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்தார். தம்பியும் ஏன் என்று கேட்கவில்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒரே அச்சு.

சுவர் எழும்பும்போது கொத்தனார் அந்தக் கேபிளைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதை என்ன சார் பண்றது?" என்று இவரைக் கேட்டார். இவர் ஃபேனைப் பார்த்தார். கொத்தனார் கொழுந்தனைக் கேட்டார். அவர் செல்போனைப் பார்த்தார். "நல்லா வாய்ச்சாங்கப்பா எனக்கு" என்று முனகிவிட்டு, கொத்தனார் கல்லுக்கு நடுவில் ஓட்டை விட்டு, கேபிளை அப்படியே வைத்துப் பூசிவிட்டார். அந்தக் கொத்தனார் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவர் பெட்டியைப் போட்டு, பழக்க தோஷத்தில் பழையபடி கேபிள் வழி ஆட்டத்தை அமுக்கினார். திரையில் இவர் காருக்குப் பக்கத்தில் இன்னொரு கார் வந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியும் போட்டிருக்கிறார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் எழுந்திருக்கவில்லை. ரேஸ் ஆரம்பித்தது.

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதுதான் வழக்கம். வாசலில் நேருக்கு நேர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஞாயிறு மத்தியானம் சுவர் வழியாக ரேஸ் விடுவார்கள். ஒரு வார்த்தை கிடையாது. அந்தப் பக்கம் "ஐயோ!" என்று சத்தம் கேட்டால் இந்தப் பக்கம் இவர் மீசைக்குள் சிரிப்பார். மொட்டை மாடியில் மட்டும் சுவர் கட்டவில்லை. நானும் ஓரகத்தியும் அங்கே துணி மடித்துக்கொண்டே இந்த இரண்டு மேதைகளையும் வாய் வலிக்கத் திட்டுவோம்.

அவர்கள் ஓட்டும் பாதையில் மலை இறங்கியதும் ஒரு கொண்டை ஊசி வளைவு. ராக்கெட் வந்த வேகத்தில் அங்கே போய்க் கவிழாத வாரம் கிடையாது. இவர் பின்னால் மெதுவாக வருவார், ஓரமாக நிறுத்துவார், தம்பி வண்டி நிமிர்ந்து ரோட்டுக்கு வரும்வரை நிற்பார். வந்ததும் அவர் விர்ரென்று போய் ஜெயித்துவிடுவார்.

"ஏங்க, அவர் கவுந்து கிடக்கும்போது நீங்க பாட்டுக்குப் போனா ஜெயிச்சிருக்கலாமில்ல?" என்று கேட்டேன்.

"போய்? தனியா ஓட்டுறதுக்கு எதுக்கு ரெண்டு பெட்டி?" என்றார்.

எப்போதாவது இவர் வண்டி சறுக்கினால் கொழுந்தன் நின்றதே இல்லை. ஒரு தடவை கூட இல்லை. பறந்துவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன வருஷம் கொழுந்தன் வேலை செய்கிற ஆஸ்பத்திரி வெளியூரில் கிளை திறந்தது. அவரை அங்கே மாற்றிவிட்டார்கள். மாடியில் ஓரகத்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். விஷயத்தை இவரிடம் சொன்னேன். "ம்" என்றார். கடைசி ஞாயிறு இரண்டு பேரும் இருட்டும்வரை ஓட்டினார்கள். மறுநாள் லாரி வந்தபோது, இவர் வேறொருவர் டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பிப் போயிருந்தார். கொழுந்தன் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் டியூட்டிக்குப் போயிட்டாருப்பா."

"தெரியும் அண்ணி. வரேன்."

அடுத்த ஞாயிறு இவர் வழக்கம்போலப் பெட்டியைப் போட்டார். 'தேடுகிறது' என்று திரையில் வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. டீ ஆறிப்போனது.

"அங்க யாரு இருக்கா தேடுறதுக்கு?" என்று கத்திவிட்டேன். கத்தியபிறகுதான் எனக்கே உறைத்தது. அந்தக் கேபிளை விட்டால் இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வேறு என்ன இருக்கிறது? அதுவும் போனால் அண்ணன் தம்பி என்பதெல்லாம் அதோடு சரி.

"ஆன்லைன்ல ஆடலாமே. எந்த ஊர்ல இருந்தாலும் ஆடலாமாமே" என்றேன். அதற்கும் இணைப்பு வாங்கி மாட்டினோம். மாட்டியபிறகுதான் தெரிந்தது சங்கதி. கேபிளில் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆன்லைனில் அப்படி இல்லை. ஒருவர் 'என்னை நண்பராகச் சேர்த்துக்கொள்' என்று அனுப்ப வேண்டும், மற்றவர் சரி என்று அமுக்க வேண்டும். கிழிந்தது போங்கள்.

"பெரியவன் நான். நானா போய்க் கேக்கணும்?" என்றார் இவர்.

ஓரகத்திக்குப் போன் போட்டேன். "இந்த ஆளு கேக்க மாட்டேங்குறாரு. உன் ஆளை அனுப்பச் சொல்லு."

"நல்லாச் சொன்னீங்கக்கா. சுவர் கட்டினவர்தான் முதல்ல கேக்கணும்னு இங்க ஒரே பிடிவாதம்."

எனக்கு வந்ததே கோபம். கன்ட்ரோலரைப் பிடுங்கி, ராக்கெட் என்று தேடி எடுத்து, நானே அனுப்பப் போனேன். இவர் தடுக்கவில்லை. "அனுப்பு. அது நீ அனுப்பினதுதானே?" என்றார், சின்னக் குரலில். நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் முன்பின் தெரியாதவர்களோடு ஓட்டிப் பார்த்தார். அடக் கடவுளே, அந்தக் கூத்தைப் பார்த்திருக்க வேண்டும். இவர் வளைவில் வேகத்தைக் குறைத்தால் பின்னால் வருகிறவன் பொளேரென்று மோதித் தள்ளிவிட்டுப் போவான். இவர் ஒதுங்கி வழிவிட்டால் போகிறபோக்கில் ஓர் இடி. ஏதோ ஒரு வாண்டு, "ஓரம் போ தாத்தா!" என்று கத்தியது. எப்படித்தான் வயதைக் கண்டுபிடித்ததோ. யாரும் யாருக்கும் நிற்கவில்லை. இவர் தினமும் கடைசி.

அப்புறம் ஒரு ஞாயிறு புதிதாக ஒன்று கற்றுக்கொண்டார். ஆன்லைனில் நாமே ஓர் அறை திறக்கலாம். திறந்தவர் பெயர் பட்டியலில் வரும், யார் வேண்டுமானாலும் கேட்காமல் நுழையலாம். 'ஆமை' என்ற பெயரில் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாராவது நுழைந்தால் மெதுவாக வெளியே அனுப்பினார். மறுபடி உட்கார்ந்தார்.

"வர்றவங்களை எல்லாம் துரத்திட்டு யாருக்குங்க கதவைத் திறந்து வெச்சிருக்கீங்க?"

"சும்மாதான்."

இந்தச் சும்மாவை ஓரகத்தியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "அக்கா, இங்கயும் ஞாயித்துக்கிழமை ஆனா பெட்டியைப் போட்டுட்டு அந்தப் பட்டியலையே பாத்துட்டு இருக்காரு. என்ன பாக்குறீங்கன்னா, சும்மாங்குறாரு."

வாரம் வாரமாக இவர் திறந்துவைப்பதும் அவர் வெளியே நின்று பார்ப்பதுமாகப் போனது. எனக்குப் பாத்திரத்தைத் தூக்கி எறியலாம்போல இருந்தது.

போன ஞாயிறு நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் டிவி சத்தம் மாறியது. எட்டிப் பார்த்தேன். திரையில் ஆமைக்குக் கீழே ராக்கெட் என்று இருந்தது. இவர் சோபாவின் நுனிக்கு வந்திருந்தார். துரத்தவில்லை. ரேஸை ஆரம்பித்தார்.

கேபிளில் ஓட்டியதுபோல இல்லை. கேபிளில் வண்டி எங்கே தெரிகிறதோ அங்கேதான் இருக்கும். இதில் இன்டர்நெட் லைன் இழுத்தது. கொழுந்தன் கார் ஒரு நேரம் முன்னால் தெரிந்தது, ஒரு நேரம் காணாமல் போனது, திடீரென்று பத்தடி தள்ளி முளைத்தது. மலை இறங்கி அந்த வளைவுக்கு இவர் வழக்கம்போல வேகத்தைக் குறைத்தார். எங்கோ பின்னால் இருந்த ராக்கெட் வண்டி ஒரே தாவாகத் தாவி வந்து இடித்தது. இவர் கார் உருண்டு மணலில் தலைகீழாகக் கிடந்தது. ராக்கெட் கண்ணைவிட்டு மறைந்தது.

"போயிட்டான்" என்றார் இவர். கோபமாகச் சொல்லவில்லை. மாமனார் போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார்.

வண்டி நிமிர்ந்து, தட்டுத்தடுமாறி ரோட்டுக்கு வந்தது. வளைவைத் திரும்பினார். அங்கே, ஓரமாக, ராக்கெட் நின்றுகொண்டிருந்தது. பின்னால் பிரேக் விளக்கு இரண்டும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. லைன் இழுத்ததில் ஒரு தடவை மறைந்தது, மறுபடி தெரிந்தது. அதே இடத்தில்தான் நின்றது.

எங்கள் கொழுந்தன் நின்று நான் பார்த்ததே இல்லை. உரித்த வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன், வெங்காயத்துக்கு அழவில்லை.

இவரும் பக்கத்தில் போய் நிறுத்தினார். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் கையை நீட்டினார். "போனைப் போடு."

யாருக்கு என்று கேட்கிற அளவுக்கு நான் மடச்சி இல்லை. ஓரகத்தி நம்பருக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கொடுத்தேன். கொழுந்தன்தான் எடுத்தார். "சொல்லுங்க அண்ணி" என்றார்.

"எதுக்குடா நின்ன?" என்றார் இவர்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுண்ணே."

இவர் கன்ட்ரோலரைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

"சரி வா. போலாம்" என்றார்.

வண்டி ஓட்டும்போது போன் பேசுகிறவனைக் கண்டால் ஜன்னலை இறக்கித் திட்டுகிற மனுஷன், ஸ்பீக்கரைக்கூட அணைக்காமல் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு காரைக் கிளப்பினார்.