நடக்காத வகுப்புக்கு வராதவள்

ஜெர்மன் வகுப்பின் முதல் நாள், தன் பெயரைச் சொல்ல அண்ணி எழுந்து நின்றாள். நாங்கள் பத்துப் பேரும் உட்கார்ந்தபடியே "இஷ் ஹைஸ" என்று தொடங்கி எங்கள் பெயர்களை முணுமுணுத்து முடித்திருந்தோம். அண்ணி மட்டும், வார்டுக்குள் டாக்டர் நுழையும்போது நிற்பதைப் போல நேராக நின்றாள். ஆஸ்பத்திரியில் டூட்டி முடிந்து ஆட்டோ பிடித்து வந்தவள், நீல யூனிஃபார்மின் மேல் துப்பட்டாவைப் போர்த்தியிருந்தாள். பொறுப்பாசிரியர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எதற்கு ஜெர்மன் என்று இந்தியில் கேட்டார். அங்கே நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், மொழி தெரிந்தால் போகலாம் என்றாள் அண்ணி. தத்துவ ஞானிகளின் மொழியைக் கற்றுக்கொண்டு கிழவர்களுக்கு பெட்பேன் வைக்கப் போகிறாயா என்றார் அவர். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.

இதை எழுதும்போதும் உடம்பு எரிகிறது. அந்த மனிதருக்கு மரியாதை விகுதி போட்டு எழுதக் கை கூசுகிறது. ஆனால் சிரித்தது என் வாய்தான், அதற்கு என்ன விகுதி போடுவது?

அண்ணி தெற்குக் கோடித் தீவில், கேம்பல் பேயில் பிறந்தவள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கே குடியேறிய தமிழர் ஒருவரின் மகள். பஞ்சாபி, மராத்திப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் அவள் தமிழில் பாதி இந்தி. என் அண்ணன் கப்பலில் எஞ்சின் பார்ப்பவன், மாதத்தில் பாதி நாள் கடலில் இருப்பான். போர்ட் பிளேர் வீட்டில் அம்மா, நான், அண்ணி, அவளுடைய இரண்டு பிள்ளைகள். ஊரில் இருந்த பல்கலைக்கழக மையத்தில் ஜெர்மன் தொடக்கப் படிப்பு வருகிறது என்று கண்டுபிடித்தவளே அண்ணிதான். பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்த நான் அவளுக்குத் துணையாகச் சேர்ந்தேன். கடைசியில் நான் துணையாக இருந்த லட்சணத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜெர்மனில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆண், பெண், இரண்டும் அல்லாதது என்று பால் உண்டு. அதை மனப்பாடம் செய்ய அண்ணி சமையலறை முழுவதும் சீட்டு ஒட்டினாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, சட்டியில என்னத்த ஒட்டி வச்சிருக்க?"

"சட்டி ஆம்பளையா பொம்பளையான்னு எழுதியிருக்கேன் அத்தை. தேகியே, பாருங்க, சட்டி ஆம்பள, கரண்டி ஆம்பள, அடுப்பும் ஆம்பள. சமைக்கிறது மட்டும்தான் பொம்பள."

அம்மா கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள். மறுநாளே அண்ணனிடம் போனில், "ஒம் பொண்டாட்டி சட்டிய அவன் இவன்னு கூப்பிடுதா" என்று புகாரும் சொன்னாள். இரண்டாவது மாதம் வைத்த சிறு தேர்வில் அண்ணிதான் முதல். அன்று விடைத்தாளைக் கொடுத்தபோது பொறுப்பாசிரியர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் வகுப்புப் பிரதிநிதி. வருகைப் பதிவேட்டை வைத்துக்கொள்வது என் வேலை.

மழைக்காலம் முடியும் நேரத்தில் அண்ணியின் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. விடுப்புக் கடிதத்தைப் பொறுப்பாசிரியர் மேசையில் வைத்துவிட்டுக் கேம்பல் பேக்குக் கப்பல் ஏறினாள். மூன்றாம் நாள் அப்பா இறந்தார். அடக்கம் முடிந்தது, ஆனால் திரும்பிவரக் கப்பல் இல்லை. புயலில் கடல் கொந்தளித்து எல்லாப் பயணமும் கேன்சல். அதே புயலில் பொறுப்பாசிரியரும் மாட்டியிருந்தார். உறவினர் கல்யாணத்துக்காக மெயின்லேண்ட் போனவருக்கு விமானம் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் வகுப்பே நடக்கவில்லை. போனில் அண்ணியிடம் நானே சொன்னேன்: "சாரே ஊர்ல இல்ல அண்ணி. கிளாஸ் ஒண்ணும் போகல. டென்ஷன் ஆகாதீங்க."

திரும்பி வந்ததும் அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். தலைமையகத்துக்குக் குறைந்தபட்ச வகுப்புக் கணக்கைக் காட்ட வேண்டும், அந்த இரண்டு வாரமும் வகுப்பு நடந்ததாகப் பதிவேட்டில் நிரப்பு என்றார். எல்லோருக்கும் வருகை போடச் சொன்னார். அண்ணியின் பெயர் வந்ததும் என் பேனா நின்றது. "அவள் லீவ் லெட்டர் ஃபைலில் இருக்கிறதே, பிரசென்ட் எப்படிப் போடுவாய்? ஆப்சென்ட் போடு" என்றார். என் மேற்படிப்புக்கான சிபாரிசுக் கடிதம் அவர் கையில் இருந்தது. நடக்காத வகுப்புகளுக்கு அண்ணி வரவில்லை என்று, கோடு பிசகாமல், நீல மையில் எழுதினேன்.

தேர்வுப் பட்டியலில் அண்ணியின் பெயர் இல்லை. வருகை போதாது என்று ஒட்டியிருந்தார்கள். கப்பல் ரத்தான அறிவிப்பை எடுத்துக்கொண்டு பொறுப்பாசிரியர் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். அவர் அந்தத் தாளைத் தொடவே இல்லை. "யே யுனிவர்சிட்டி ஹை, ஜெட்டி நஹீ" என்றார். இது பல்கலைக்கழகம், படகுத்துறை அல்ல; கப்பல் கதையை அங்கே போய்ச் சொல் என்பது அதன் பொருள். பிறகு பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார்.

அண்ணி அந்த வரிசையில் விரலை வைத்து மெதுவாக நகர்த்தினாள். கடைசிக் கட்டத்தில் விரல் நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன் ஹேண்ட்ரைட்டிங் ரொம்ப அழகா இருக்கு."

பிறகு அவரைப் பார்த்து, முதல் நாள் நின்றதைப் போலவே நேராக நின்று, ஜெர்மனில் சொன்னாள்: "ஸீ வாரன் நிஷ்ட் டா. இஷ் வார் நிஷ்ட் டா. நீமண்ட் வார் டா." நீங்கள் இங்கே இல்லை. நான் இங்கே இல்லை. யாருமே இங்கே இல்லை. ஒரு பிழை கிடையாது. அவர் முகம் சிவந்து, வெளியே போ என்று கத்தினார். ஒரு வார்த்தை பேச எனக்கும் இடம் இருந்தது. நான் பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்தேன்.

எனக்குச் சான்றிதழ் வந்தது. சிபாரிசுக் கடிதமும் வந்தது. அடுத்த வருடம் அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டார்கள். அண்ணி போனில் பாடம் கேட்டுப் பார்த்தாள். ஷிஃப்டும் பிள்ளைகளும் விடவில்லை. சமையலறைச் சீட்டுகள் ஆவிபட்டு ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இன்றும் அதே ஆஸ்பத்திரியில் அதே நீல யூனிஃபார்ம். இத்தனை வருடத்தில் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு பொய்க் காரணமாவது சொல்லியிருப்பேன்.

போன மாதம் அந்தப் படிப்பு மறுபடி தொடங்குவதாக அறிவிப்பு வந்தது. அதே மனிதர், இப்போது இயக்குநர். 'கடல் கடந்த வாய்ப்புகள், செவிலியருக்கு முன்னுரிமை' என்று அறிவிப்பில் போட்டிருந்தது. செவிலியருக்கு முன்னுரிமையாம்! அன்றே உட்கார்ந்து, நடந்ததை எல்லாம் எழுதி, என் பெயரையும் சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்குப் புகார் தயாரித்தேன். அனுப்புவதற்கு முன் அண்ணியிடம் கொடுத்தேன்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தாள். "கோபம் நல்லா எழுதியிருக்க" என்றாள். பிறகு ஒரு இடத்தில் நகத்தை வைத்தாள்.

"இங்க 'கவனக்குறைவால் நிரப்பிவிட்டேன்'னு இருக்கு. ஸச் போல், உண்மையைச் சொல்லு. கவனக்குறைவா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"அப்போ அடிச்சிட்டு எழுது."

அடித்தேன். மேலே 'தெரிந்தே' என்று எழுதினேன். அண்ணி தாளை வாங்கி, அந்தச் சொல்லை ஒருமுறை படித்துவிட்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.